விமானியின் செவியும் ஆசிரியரின் சொல்வதெழுதலும்

கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கெனவும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்றல் வேறு, கேட்டல் வேறு. இரண்டுக்கும் பயிற்சி வேண்டும். ஆயினும், வாசிப்பும் எழுத்தும் பெறும் இடத்தைக் கேட்டல் நம் வகுப்பறைகளில் பெறுவதில்லை. செவியின் பிழை எத்துணைக் கேடு விளைக்கும் என்பதைக் காட்ட விமானப் போக்குவரத்தினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பெரிய விமான நிலையங்கள், வரும் விமானங்களுக்கும் புறப்படும் விமானங்களுக்கும் வேண்டிய செய்திகளைத் தொகுத்து, ஒலிப்பதிவாகவோ கணினிக் குரலிலோ இடைவிடாது ஒலிபரப்புகின்றன. விமானிகள் இதனை ‘ஏட்டிஸ்’ என்பர். ஒரே செய்தியை ஒவ்வொரு விமானத்துக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி திரும்பத் திரும்பச் சொல்லும் சுமை இதனால் குறைகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எழுத்துண்டு: ஆல்ஃபா, பிராவோ, சார்லி என அது வரிசையாய் மாறும். விமானி முதன்முதல் தொடர்பு கொள்ளும்போது அவ்வெழுத்தைச் சொன்னால், அவர் புதிய செய்தியைக் கேட்டவரா, பழையதைக் கேட்டவரா என்பது விளங்கிவிடும்.

இவ்வொலிபரப்புக்குப் பெரும்பாலும் மாறாத ஒழுங்கு உண்டு. நிலையத்தின் பெயர், பதிப்பெழுத்து, நேரம், ஓடுபாதை, காற்று, பார்வைத் தொலைவு, மேகம், வெப்பநிலை, பனிநிலை, காற்றழுத்தம் என அது செல்லும். நேரம் அனைத்துலகப் பொது நேரமாகும். ‘சுழியம் இரண்டு மூன்று சுழியம்’ என்றால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் காலை 10.30 மணி. எண்கள் தனித்தனி இலக்கமாக ஒலிக்கும். ஐந்தும் ஒன்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல் செவியில் விழக்கூடும். ஆதலின் ஐந்தை ‘ஃபைஃப்’ எனவும், ஒன்பதை ‘நைனர்’ எனவும் ஒலிப்பது மரபு.

அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, 2008 மார்ச் 5 முதல் அனைத்துலகப் பறப்பில் ஈடுபடும் விமானிகளுக்கு மொழித்திறன் கட்டாயமாயிற்று. தரங்கள் ஆறு, நான்காம் தரமேனும் வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுணர்தல், உரையாடல் என்னும் ஆறு கூறுகளில் எது மிகக் குறைவோ அதுவே முடிவான தரம். அழகாகப் பேசுபவரும் செவி தவறினால் தேற முடியாது. ஆகவேதான் இத்தகைய ஒலிப்பதிவுகளைக் கேட்பித்து வினவும் பயிற்சி தேர்வு எழுதுவோர்க்கு இன்றியமையாததாகிறது.

மாணவர் தடுமாறும் இடங்கள் சில உண்டு. ‘புரோக்கன்’ என்னும் சொல்லை உடைந்து சிதறிய சிறு மேகம் என்று கொள்வோர் பலர். விமான வழக்கில் அதன் பொருள், வானத்தின் எட்டுப் பங்கில் 5 முதல் 7 பங்கு வரை மேகம் மூடியுள்ளது என்பதாம். அடுத்தது ஓடுபாதை எண். சாங்கியில் ஒரே பாதையின் ஒரு முனை 02, மறுமுனை 20. விமானம் ஏறத்தாழ 20 பாகை நோக்கிச் செல்லும் முனைக்கு 02 என்றும், 200 பாகை நோக்கிச் செல்லும் முனைக்கு 20 என்றும் பெயர். இலக்கங்கள் இடம் மாறினால் திசையே தலைகீழாகிவிடும்.

இப்பிழையைத் திருத்தவும் வழியுண்டு. காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையே ஒலிபரப்பில் சொல்லப்படும். தமிழர்க்கு இது புதிதன்று; வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வழங்குகிறோம். விமானம் காற்றை எதிர்கொண்டு இறங்குவதே இயல்பு. காற்று 030 பாகை என்று கேட்டவர் ஓடுபாதையை 20 என எழுதியிருந்தால், தம் செவியை ஐயுற்று மீண்டும் கேட்க வேண்டும்.

காற்றழுத்த எண்ணோ உயிரோடு தொடர்புடையது. விமானத்தின் உயரமானி அவ்வெண்ணைக் கொண்டே உயரத்தைக் காட்டுகிறது. 2022 மே 23 அன்று பாரிசின் சார்ல் த கோல் நிலையத்தை அணுகிய ஒரு விமானத்துக்குக் கட்டுப்பாட்டு அதிகாரி 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று தவறாகச் சொன்னார். ஒலிபரப்பில் சரியான எண் இருந்தது. ஆயினும் விமானிகள் இரண்டையும் ஒப்பிடவில்லை. ஓர் இலக்கத்தின் பிழையால் விமானம் தான் இருப்பதாகக் காட்டிய உயரத்தினும் ஏறத்தாழ 280 அடி தாழ்ந்து பறந்தது. மழையில் ஓடுபாதை புலப்படாமையால் மீண்டும் மேலெழுந்தது. அவ்வேளை, ஓடுபாதையை அடையுமுன்னரே, தரைக்கும் அதற்கும் இடைவெளி 6 அடி வரை குறைந்திருந்தது. நல்வேளையாக எவருக்கும் தீங்கில்லை. காதில் விழுந்தால் மட்டும் போதாது. முன் கேட்டதோடு பின் கேட்டதை ஒப்பிடுவதே முழுமையான கேட்டல் என்பது இதனால் பெறப்படும்.

இதற்கான பயிற்சி எளியது. முதலில், செய்தியின் வரிசையைக் கட்டங்களாக வரைந்துகொள்ள வேண்டும். அடுத்து வருவது இன்னதென அறிந்த செவி பதறாது. முதன்முறை கேட்கும்போது எழுத்து, ஓடுபாதை, அழுத்தம் ஆகிய மூன்றை மட்டும் குறிக்கலாம். இரண்டாம் முறை எஞ்சியவற்றை நிரப்பலாம். மூன்றாம் முறை சரிபார்க்கலாம். எண்ணைத் தாய்மொழியில் பெயர்த்து எழுத முயன்றால் அடுத்த எண் தப்பிவிடும். கேட்டவாறே இலக்கமாக எழுதுவதே நன்று. பின்னர்த் தாளைப் பார்த்து முழுச் செய்தியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே குரலில் பழகாமல் பல நாட்டார் குரல்களிலும் கேட்பது நலம்.

இது நம் பள்ளிகளின் பழைய சொல்வதெழுதலே அன்றி வேறன்று. அதனை எழுத்துப் பிழை காணும் கருவியாக மட்டும் கொண்டதே நம் குறை. வானொலியின் வானிலைச் செய்தியை ஒருமுறை கேட்பித்து, இடமும் எண்ணும் குறிக்கச் செய்து, கேட்டதைக் கோவையாகச் சொல்லச் செய்தால், அதே பயிற்சி தமிழ் வகுப்பிலும் நிகழும். அவ்வகுப்பிலிருந்து நாளை ஒரு விமானி வரலாம், வராதும் போகலாம். ஆனால் மருத்துவர் சொல்லும் மருந்தளவையும், இயந்திரக் கூடத்தில் மேற்பார்வையாளர் இடும் எச்சரிக்கையையும் பிழையறக் கேட்கும் செவி எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.