ஹெட்போனில் ‘உய்ங்’ சத்தமா? புதுசு வாங்கும் முன் இந்த 5 சோதனைகளைச் செய்து பாருங்க!

ஒட்டன்சத்திரம் என்றாலே காய்கறிச் சந்தையும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். இன்று அதே ஊரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்களும் உண்டு. வெளிச்சத்தம் கேட்கக் கூடாது என்று ஹெட்போனை மாட்டினால், உள்ளேயிருந்தே ‘உய்ங்’, ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். ஆன்லைன் இன்டர்வியூ நடக்கும்போது இப்படி ஆனால் சிக்கல்தான். கடையில் கேட்டால், “ஹெட்போன் போச்சு, மாத்திடுங்க” என்பார்கள். பெரும்பாலும் கோளாறு ஹெட்போனில் இருக்காது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

1990களில் கம்ப்யூட்டருக்குத் தனியாக சவுண்ட் கார்டு வாங்கிப் பொருத்த வேண்டும். இன்டெல் 1997-இல் கொண்டுவந்த ஏசி’97, 2004-இல் கொண்டுவந்த எச்டி ஆடியோ ஆகிய தரநிலைகளுக்குப் பிறகு, ஆடியோ என்பது மதர்போர்டிலேயே ஒட்டிய ஒரு குட்டி சிப் ஆகிவிட்டது. செலவு குறைந்தது, கூடவே ஒரு தொல்லையும் வந்தது.

ஹெட்போனுக்குப் போகும் சிக்னல் மிகச் சிறியது. சத்தம் குறைவாக வைத்தால் சில மில்லிவோல்ட்தான். அதே போர்டில் பக்கத்திலேயே பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை நொடிக்கு நொடி கூட்டியும் குறைத்தும் இழுக்கின்றன. அந்த அதிர்வு ஆடியோ பகுதிக்குள் கசிந்தால், அதுதான் காதில் இரைச்சலாகக் கேட்கிறது.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

* ‘ம்ம்ம்’ என்ற அடித்தொனி: நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸோ காதில் கேட்கிறது. சார்ஜர், வயரிங், எர்த் பக்கம் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டரின் வேலையாக இருக்கலாம்.
* மவுஸை அசைத்தால் ‘கிர்ர் கிர்ர்’: கம்ப்யூட்டரின் உள்ளேயிருந்து வரும் கசிவு. கேம் ஓடும்போது கூடினால் கிராபிக்ஸ் கார்டுதான் காரணம்.
* பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் ‘டப்’: சும்மா இருக்கும் ஆடியோ சிப்பை மின்சேமிப்புக்காகத் தூங்கவைத்து எழுப்புவதால் வருவது. கோளாறு அல்ல.
* திடீரென ‘டட்-டட்-டட்’: பக்கத்தில் 2ஜி சிக்னலில் ஒரு போன் இருக்கிறது. அது நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும். போனை இரண்டடி தள்ளி வையுங்கள்.

வரிசையாக 5 சோதனைகள்

1. ஹெட்போனை செல்போனில் மாட்டுங்கள். அங்கேயும் இரைச்சல் என்றால்தான் ஹெட்போனோ வயரோ கெட்டிருக்கிறது.

2. மைக்கைக் கவனியுங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக் பகுதிக்குள் ‘லிசன் டு திஸ் டிவைஸ்’ டிக் ஆகியிருந்தால், அறையின் ஃபேன் சத்தம்கூட உங்கள் காதுக்கே திரும்பி வரும். டிக்கை எடுங்கள். ‘மைக்ரோபோன் பூஸ்ட்’ அதிகமாக இருந்தால் குறையுங்கள்.

3. டெஸ்க்டாப் என்றால், முன்பக்க ஜாக்கை விட்டு, பின்பக்கப் பச்சை ஜாக்கில் மாட்டுங்கள். முன்பக்க ஜாக்குக்கான நீள வயர் கேபினெட்டுக்குள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருவதால் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். பல நேரங்களில் இத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

4. லேப்டாப் என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் சிக்கல் சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ இருக்கிறது.

5. டிவி, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்று கம்ப்யூட்டரோடு இணைந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த் ஆகும்போது, அவற்றை இணைக்கும் வயர் வழியாகவும் மின்சாரம் சுற்றி ‘ம்ம்ம்’ உண்டாகும்.

உயிரோடு விளையாடும் ‘டிப்ஸ்’

“பிளக்கின் மூணாவது பின்னை எடுத்துட்டா சத்தம் நின்னுடும்” என்று சிலர் சொல்வார்கள். சில நேரம் சத்தம் நிற்கவும் செய்யும். ஆனால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பெரிய பின்தான் எர்த். மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதால் முதலில் சாக்கெட்டைத் தொடுவதும், கடைசியில் விடுவதும் அதுதான். உள்ளே கோளாறாகி 230 வோல்ட் கேபினெட் இரும்பில் ஏறினால், அதை மண்ணுக்குக் கடத்தி ஃபியூஸையோ டிரிப்பரையோ விழவைக்கும் வழி அது ஒன்றுதான். அது இல்லையென்றால், தொடுகிறவர் உடம்புதான் வழி.

பின்னை வெட்டாவிட்டாலும், மூணு பின்னை ரெண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரில் மாட்டினால் விளைவு ஒன்றே. கேபினெட்டைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறதா? எர்த் இல்லாத கம்ப்யூட்டரில், பவர் சப்ளையின் வடிகட்டி கெப்பாசிட்டர்கள் வழியாக 230-இல் ஏறக்குறையப் பாதி வோல்ட்டேஜ் இரும்பில் தேங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு போய்விடுகிறது. ஆனால் அது ‘எர்த் வேலை செய்யவில்லை’ என்ற எச்சரிக்கை.

திண்டுக்கல் சமவெளி போன்ற வறண்ட பகுதிகளில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது சகஜம். மண்ணில் ஈரம் போனால் எர்த்தின் பலமும் போகும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்டினால், எர்த் லைன் இணைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். குழியின் பலத்தைத் தெரிந்துகொள்ள எர்த் ரெசிஸ்டன்ஸையும் அளக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு.

எப்போது காசு செலவழிக்கலாம்?

எர்த் சரியாக இருந்தும், பின்பக்க ஜாக்கிலும் ‘கிர்ர்’ கேட்டால், அது மதர்போர்டின் இயல்பு. போர்டை மாற்ற வேண்டாம். சில நூறு ரூபாய் யுஎஸ்பி சவுண்ட் கார்டு போதும். ஒலியை உருவாக்கும் வேலை போர்டுக்கு வெளியே போய்விடுவதால், பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். டைப்-சி டாங்கிள் வாங்கினால், உள்ளே ஆடியோ சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் வயர் மாதிரி லேப்டாப்பில் வேலை செய்யாது.

ஒன்று மட்டும் வேண்டாம்: இரைச்சலை அமுக்க வால்யூமைக் கூட்டுவது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினமும் 8 மணி நேரம் ஹெட்போனோடு வேலை என்றால், 5 நாளிலேயே அந்த 40 தீர்ந்துவிடும். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு டெசிபலும் காதுக்குத்தான் நஷ்டம்.