தோலை உரிக்கச் சொல்லாதீர்கள்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஆசிரியரிடம் இப்படிச் சொல்லிவிட்டு வருவது நம் ஊர்ப் பெற்றோருக்குப் பெருமையாக இருந்த காலம் உண்டு. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. அக்கறை இல்லாதவர் யாரும் அதைச் சொல்வதில்லை. பிள்ளை படித்து மேலே வரவேண்டும் என்ற ஏக்கம்தான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் அடிபடும் பிள்ளையின் மூளையில் நடப்பது படிப்புக்கு நேர் எதிரானது. சட்டத்தின் முன்னும் அந்த அனுமதிக்கு மதிப்பில்லை.

வீட்டில் ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்த பையன், பிரம்போடு நிற்கும் ஆசிரியர் முன்னால் 'ஏழேழு' என்று நின்றுவிடுகிறான். திமிர் என்று நினைத்து இன்னும் இரண்டு விழுகிறது. அது திமிர் அல்ல. ஆபத்தைக் கண்டதும் மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா முந்திக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, சற்று நேரத்தில் கார்ட்டிசால் ஏறுகிறது. ஓடவோ, எதிர்க்கவோ, உறைந்து நிற்கவோ உடல் தயாராகிவிடுகிறது. யோசிக்கவும் நிதானிக்கவும் படித்ததை நினைவுக்குக் கொண்டுவரவும் உதவும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அந்த நேரத்தில் பிடி தளர்கிறது. பெரியவர்களுக்கே அப்படித்தான். அந்தப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகும் என்னும்போது, எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

ஒருநாள் பயம் வந்து போனால் உடல் சமாளித்துக்கொள்ளும். தினமும் முதல் மணி அடிக்கும்போதே வயிறு கலங்கினால் கதை வேறு. கார்ட்டிசால் நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால், நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பாதிக்கப்படலாம். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 147 சிறுவர் சிறுமியரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கடும் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. வீட்டில் 'சும்மா நாலு தட்டு' வாங்கியவர்களும் வாங்காதவர்களும்தான். பயந்த முகங்களின் படத்தைக் காட்டியபோது, அடி வாங்கியவர்களின் மூளை கூடுதலாகச் செயல்பட்டது. கடும் வதைக்கு ஆளான குழந்தைகளிடம் முன்பு கண்ட அதே போக்கு அது. அடிதான் இதற்கு ஒரே காரணம் என்று ஓர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மிதமான அடி எந்தத் தடமும் விடாது என்ற நம்பிக்கை இதற்குப் பிறகு நிற்பது கடினம்.

"நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே ஆளானோம்?" உண்மைதான். அடி வாங்கியவர் எல்லோரும் நொறுங்கிப் போவதில்லை. அவர்களில் பலருக்கு வீட்டுக்கு வந்ததும் மடியில் சாய்த்துக்கொள்ள ஒரு ஆயாவோ அத்தையோ இருந்திருப்பார்கள். காப்பாற்றியது அந்த மடி. பெயர் கிடைத்தது பிரம்புக்கு. ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்காரெஸ்ட் ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது. காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் அப்படிப் போனவர்களின் மூளை மின்அலைகள், எட்டு வயதில் பார்த்தபோது, காப்பகத்தையே பார்க்காத குழந்தைகளின் அலைகளை ஒத்திருந்தன. காயம் ஆறும். ஆற வைக்க நிலையான ஒரு பெரியவர் வேண்டும், காலம் தாழ்த்தக் கூடாது.

இனி சட்டம். தமிழ்நாடு 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி அடியைத் தடை செய்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. வகுப்பின் முன் நிறுத்தி 'மக்கு' என்று கேலி செய்வதும் அதில் அடங்கும். பெற்றோர் சம்மதித்தால் அடிக்கலாம் என்ற விலக்கு அந்தப் பிரிவில் இல்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம், 75-ஆவது பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமை செய்தால் மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. அந்தக் கொடுமையால் பிள்ளைக்கு மனநோய் வந்தால் மூன்று முதல் பத்து ஆண்டு. மனதுக்கு விழும் காயத்தையும் சட்டம் காயமாகவே கணக்கில் எடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

புகார் செய்யப் பெற்றோர் தயங்குவது பெரும்பாலும் "டி.சி. கொடுத்துடுவாங்க" என்ற பயத்தால். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. தழும்பு இருந்தால் அன்றே படம் எடுத்து, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். யார், எங்கே அடித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடச் சொல்லுங்கள். பிறகு தலைமை ஆசிரியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எதுவும் நடக்கவில்லையென்றால் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் பாராமல், காசில்லாமல் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. மாமா, பெரியப்பா, தலைமை ஆசிரியர், உள்ளூர்ப் பிரமுகர் என்று ஆளாளுக்குப் பிள்ளையை உட்கார வைத்து "என்ன நடந்துச்சு சொல்லு" என்று துருவாதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த உடல் அதே பயத்துக்குள் போய் வருகிறது. நம்பும் ஒருவர் ஒருமுறை பொறுமையாகக் கேட்டு, பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, திங்கள்கிழமை காலை மட்டும் வரும் வயிற்றுவலி, திடீர்த் திக்குவாய், கெட்ட கனவு, விளையாட்டில் நாட்டம் குறைவது, தன்னையே கிள்ளிக்கொள்வது: இவை சில வாரம் நீடித்தால் உதவி தேவை. அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது அதற்கென்றே வடிவமைத்த பேச்சுவழிச் சிகிச்சையைத்தான். மனச்சோர்வு மாத்திரையை அல்ல. அரசு செலவில் மனநல சிகிச்சை பெறுவது 2017-இன் மனநல பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழைத்தால் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

வீட்டில் கை ஓங்குவதை வெளிப்படையாகத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. சுவீடன் 1979-லேயே கொண்டுவந்தது. நமக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, ஏற்கெனவே அடித்துவிட்ட பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையிலான உறவைப் பல ஆண்டுகள் கவனித்தார். நல்ல உறவிலும் பிசகு அடிக்கடி வருகிறது. வந்த பிசகைச் சரிசெய்வதில்தான் குழந்தையின் நம்பிக்கை வளர்கிறது என்று கண்டார். எனவே கோபம் தணிந்ததும் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "அப்பா அடிச்சது தப்பு, இனிமே அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை உடனே பேசாமல் போகலாம். வற்புறுத்தாமல் பக்கத்திலேயே இருங்கள்.