முரட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பள்ளிக்கூடம்

ஒரு பையன் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவன் இருந்த இடம் சீர்திருத்தப் பள்ளி. வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன் என்று பெயர் எடுத்தவன் அவன். அவன் கையில் இருந்ததோ, அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன் 1850-ல் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. நீண்ட நீண்ட வாக்கியங்களும் பழைய நடையும் கொண்ட அந்த நாவலைக் கண்டு கல்லூரி மாணவர்களே முகம் சுளிப்பது உண்டு.

இவனுக்கு இது எப்படிப் புரிகிறது என்று விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. நடத்தை தவறிய ஒரு பெண்ணைப் பற்றிய கதை அது என்று பையன் கேள்விப்பட்டிருக்கிறான்! அந்த ஆவலில், ஒவ்வொரு வார்த்தையோடும் மல்லுக்கட்டிக்கொண்டு பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

வேறு பள்ளியாக இருந்தால் புத்தகத்தைப் பிடுங்கியிருப்பார்கள். இங்கே யாரும் பிடுங்கவில்லை. அந்தப் பள்ளியின் கதைதான் இது.

கோர்ட்டு அனுப்பிய மாணவர்கள்

அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் விட்மோர் லேக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இருந்தது டபிள்யூ. ஜே. மேக்ஸி ஆண்பிள்ளைகள் பயிற்சிப் பள்ளி. 2015-ம் வருஷம் அதை மூடிவிட்டார்கள். குற்றம் செய்து அகப்பட்டுக்கொண்டு, கோர்ட்டு உத்தரவின் பேரில் வந்து சேர்ந்த வாலிபப் பிள்ளைகள்தான் அங்கே மாணவர்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழி. பேசச் சொன்னால் பொரிந்து தள்ளுவார்கள். ஆனால் அச்சடித்த காகிதத்தைக் கண்டால் ஆகாது. வருஷக்கணக்கில் வகுப்பிலே தலைகுனிந்து நின்றவர்களுக்குப் பாடப் புத்தகம் என்றாலே அந்த அவமானம்தானே ஞாபகத்துக்கு வரும்?

1960-களின் நடுவில், இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஒரு திட்டம் வகுக்கும் பொறுப்பு டேனியல் ஃபேடர் என்பவரிடம் வந்தது. அவர் பக்கத்திலுள்ள ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆங்கிலப் பேராசிரியர். இலக்கியம் படித்தவர், சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி அதிகம் அறியாதவர். அதுவே நல்லதாகப் போயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. அனுபவசாலிகள் 'நடக்காது' என்று ஒதுக்கியிருக்கக்கூடிய காரியங்களை அவர் துணிந்து செய்தார்.

கடைத்தெருவில் கற்ற பாடம்

முதல் காரியமாகக் கெட்டி அட்டைப் பாடப் புத்தகங்களைப் பின்னுக்குத் தள்ளினார். அவற்றின் இடத்தில் தினசரிப் பத்திரிகைகள், சஞ்சிகைகள், மலிவு விலைக் காகித அட்டைப் புத்தகங்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்து குவித்தார். டெட்ராயிட் நகரில் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் மொத்த வியாபாரம் செய்துவந்த லடிங்டன் கம்பெனி, புத்தகங்களை இனாமாகக் கொடுத்து உதவியது.

அவற்றை அடுக்கிய விதத்தில்தான் சூட்சுமம் இருந்தது. சாதாரணமாக நூல் நிலையத்தில் புத்தகங்களின் முதுகுதான் தெரியும். படிக்கத் தெரியாதவனுக்கு அந்த முதுகு என்ன சொல்லும்? கடைக்காரன் அப்படிச் செய்வதில்லை. சுற்றினால் சுழலும் கம்பித் தட்டுகளில், வர்ணப் படம் போட்ட முன் அட்டை வாங்குகிறவன் முகத்தைப் பார்க்கும்படி வைக்கிறான். சரக்கு விற்க வேண்டும் என்ற கவலை அவனுக்கு! ஃபேடர் அந்தத் தந்திரத்தை அப்படியே பள்ளிக்குள் கொண்டுவந்தார். கம்பித் தட்டுகள் சுழன்றன. ஜேம்ஸ் பாண்ட் கதைகளும் மோட்டார்க் கதைகளும் பறந்தன. வெள்ளைக்காரர் ஒருவர் தம் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு தென் ராஜ்யங்களில் சுற்றிப் பார்த்து எழுதிய 'பிளாக் லைக் மி' போன்ற கனமான புத்தகங்களும் அவற்றோடு கலந்து நின்றன.

பிள்ளைகள் புத்தகங்களைத் தங்களோடு வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்தால், அல்லது பிடிக்காவிட்டால், ஒன்றைக் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். அத்துடன் ஒவ்வொருவனுக்கும் ஒரு சிறிய காகித அட்டை அகராதி சொந்தமாகவே வழங்கப்பட்டது. கால்சட்டைப் பையில் அடங்கிவிடும் அளவு. சிலர் அதில் முதன்முதலாகத் தேடிப் பார்த்தவை சபையில் சொல்லத்தகாத வார்த்தைகள்தான். இருக்கட்டுமே! வார்த்தையைத் தேட அகர வரிசை தெரிய வேண்டும், எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டும், பக்கத்தில் போட்டிருக்கும் அர்த்தத்தையும் படிக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்காக எத்தனை உபாத்தியாயர்கள் தொண்டை வரளக் கத்தியிருப்பார்கள்!

திருத்தாத நோட்டுப் புத்தகம்

எழுத்து விஷயத்தில் ஃபேடர் செய்த ஏற்பாடு இன்னும் விசித்திரமானது. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். வாரத்துக்கு இவ்வளவு பக்கம் எழுத வேண்டும் என்று கணக்கு. என்ன எழுதினாலும் சரி. எழுத ஒன்றும் தோன்றவில்லையா? பத்திரிகையைப் பார்த்துக் காப்பி அடிக்கலாம்! பிழை பார்ப்பதில்லை, மார்க் போடுவதில்லை, சிவப்பு மை அதன் பக்கமே போகாது. பக்கம் நிறைந்திருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

இதென்ன கூத்து என்று கேட்ட உபாத்தியாயர்கள் இருந்திருப்பார்கள். பேராசிரியரின் அபிப்பிராயமோ வேறு. நாலு வரி எழுதினால் நாற்பது சிவப்புக் கோடு வாங்கிப் பழகியவன் பேனாவைத் தொடவே அஞ்சுவான். முதலில் கை ஓட வேண்டும். கை ஓடாதவனிடம் எதைத் திருத்துவது?

கணக்கு வாத்தியாருக்கும் பங்கு

இவ்வளவும் பாதித் திட்டம்தான். மறு பாதி உபாத்தியாயர்களைப் பற்றியது. ஆங்கிலம் கற்பிப்பது ஆங்கில உபாத்தியாயர் ஒருவருடைய தலைவலி என்று மற்றவர்கள் ஒதுங்கியிருப்பது உலக வழக்கம். மேக்ஸியில் அந்த வழக்கம் செல்லவில்லை. கணக்கு, விஞ்ஞானம், பட்டறைத் தொழில் எதுவானாலும், அந்தந்த வகுப்பிலேயே படிக்கவும் எழுதவும் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. திட்டத்துக்கு வைத்த பெயரே 'எல்லா வகுப்பிலும் ஆங்கிலம்' என்பதுதான்.

மற்ற உபாத்தியாயர்கள் முணுமுணுக்காமல் இருக்க ஒரு வழியும் செய்யப்பட்டது. பிள்ளைகள் எழுதித் தரும் தாள்களில் ஒரு தடவை வந்தவற்றை அந்தந்தப் பாட உபாத்தியாயரே விஷயம் சரிதானா என்று பார்ப்பார். அடுத்த தடவை வந்தவை ஆங்கில உபாத்தியாயரிடம் போகும். இலக்கணமும் நடையும் அவர் பொறுப்பு. இன்னொரு தடவை வந்தவற்றை யாருமே படிப்பதில்லை. அப்படியே கோப்பில் வைத்துவிடுவார்கள். பையன் எழுதினானே, அது போதும் என்ற கணக்கு. திருத்த வேண்டிய தாள்களின் மலைக்குப் பயந்தே எழுத்து வேலையைக் குறைத்துவிடும் உபாத்தியாயர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுடைய கஷ்டத்தை அறிந்து செய்த காரியம் இது.

பலன் என்ன?

சர்வகலாசாலையின் மனத்தத்துவப் பேராசிரியர் எல்டன் மக்நீல் இதைப் பரிசோதித்துப் பார்த்தார். புதிய திட்டம் எதுவும் இல்லாத வேறொரு சீர்திருத்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, இரு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பரீட்சைகள் வைத்து ஒப்பிட்டார். வாசிப்பில் மேக்ஸி பிள்ளைகள் மற்றவர்களைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். அதைவிட முக்கியமாக, படிப்பைப் பற்றியும் தங்களைப் பற்றியுமே அவர்கள் கொண்டிருந்த எண்ணம் மாறியிருந்தது.

இந்த விவரங்களை ஃபேடர் 1966-ல் 'ஹுக்ட் ஆன் புக்ஸ்' என்ற நூலில் வெளியிட்டார். புத்தகத் தூண்டிலில் சிக்கியவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். மக்நீலின் பரிசோதனை முடிவுகளும் சேர்ந்த பதிப்பு 1968-ல் வந்தது. சொன்னதைச் செய்கிறவர் போல, அதையும் மலிவு விலைக் காகித அட்டையில்தான் போட்டார்கள்.

இதனால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் உத்தமர்களாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அப்படி யாரும் சொல்லவில்லை. ஜேம்ஸ் பாண்ட் படித்தவன் நாளைக்கு ஷேக்ஸ்பியர் படிப்பான் என்பதற்கு ஜாமீன் கொடுப்பவரும் இல்லை. பள்ளியை விட்டு வெளியே போன பிறகு கையில் புத்தகம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மேக்ஸியில் விடை இல்லை.

ஃபேடர் அதே முறையைப் பிற்பாடு தலைநகரான வாஷிங்டனில், ஏழைப் பிள்ளைகள் படித்த கார்னெட்–பாட்டர்சன் என்னும் நடுநிலைப் பள்ளியிலும் நடத்திப் பார்த்தார். அங்கே கண்டதை 1971-ல் 'தி நேக்கட் சில்ட்ரன்' என்ற நூலாக எழுதினார். அதில் ஒரு பையன் வருகிறான். அவனுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது என்பது அந்தப் பள்ளியில் உபாத்தியாயர்களுடைய முடிவு. பரீட்சைத் தாள்களும் அதையே சொல்லின. பேராசிரியரும் நம்பினார்.

அவனோடு சுற்றும் சிநேகிதர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவன் நன்றாகப் படிப்பானே என்றார்கள். அவர்கள் சொன்னது நிஜம். பள்ளிக்கூடத்தார் முன்னால் மட்டும் அவன் படிப்பதில்லை!