சிறுதொழிலுக்கு ‘லிமிடெட்’ எப்போது வேண்டும்?

சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில், தருமபுரிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அதியமான்கோட்டை. லாரிப் பட்டறை, ஓட்டல், புளி வியாபாரம், தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலில் திரளும் கூட்டத்தை நம்பிய பூஜைக் கடை என்று இங்கே பிழைப்புக்குப் பல வழிகள். தடங்கம், அதகப்பாடிப் பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா வருவதால், ஆலைகளுக்குச் சாப்பாடும் வண்டியும் உதிரிப்பாகமும் தரும் வேலைகளுக்கும் இடம் உண்டாகிறது. அப்படி ஒரு வேலையைப் பிடிக்க நினைப்பவர் முன் வரும் கேள்வி, சொந்தப் பேரில் நடக்கும் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்குவதா என்பது. வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘வியாபாரம் பெருகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’. இது தவறான பதில் என்றே நினைக்கிறேன். வியாபாரத்தின் அளவு இதை முடிவு செய்யக் கூடாது. தொழில் நொடித்தால் யாருக்கு, எதற்காகப் பணம் தர வேண்டியிருக்கும் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும்.

சொந்தப் பேரில் நடக்கும் கடைக்கும் அதன் முதலாளிக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லை. கடையின் கடன் அவருடைய வீட்டையும் நிலத்தையும் தேடி வரும். கூட்டுத்தொழில் இதைவிட ஆபத்து. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, ஒரு கூட்டாளி தொழிலுக்காகச் செய்த செயலுக்கு எல்லாக் கூட்டாளிகளும் பொறுப்பு. மைத்துனர் கையெழுத்துப் போட்டு எடுத்த சரக்குக்கான முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். கம்பெனி என்பது சட்டம் படைத்த தனி ஆள். அதன் கடன் அதனுடையது. பங்குதாரர் இழப்பது பங்குக்காகப் போட்ட, போடச் சம்மதித்த பணத்தை மட்டுமே. இந்தியாவில் இந்த ஏற்பாடு 1857ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு குடும்பத்தின் சிறுதொழிலுக்கும் இது பொருந்துமா என்ற ஐயத்தைத் தீர்த்தது லண்டனில் ஒரு காலணி உற்பத்தியாளரின் வழக்கு. ஏரன் சாலமன் தன் பூட்ஸ் தொழிலை 1892இல் கம்பெனியாக்கினார். மனைவிக்கும் பிள்ளைகள் ஐவருக்கும் ஆளுக்கொரு பங்கு, மீதி எல்லாம் அவருக்கு. கம்பெனி நொடித்தபோது, ‘இது சாலமனேதான், அவரே கட்டட்டும்’ என்று வாதிட்டார்கள். 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. முறைப்படி பதிவான கம்பெனி, ஒரே ஆள் கையில் இருந்தாலும் வேறு ஆள்தான் என்றது.

பதிவு செய்வது இன்று கடினமில்லை. பிரைவேட் லிமிடெட்டுக்கு இருவர் போதும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஒரு வாரிசுதாரரை நியமித்துவிட்டு ஒருவரே நடத்தும் கம்பெனிக்கும் வழி தந்தது. குறைந்தது ஒரு லட்சம் முதல் வேண்டும் என்ற விதி 2015இல் நீங்கியது. 2020 முதல் ‘ஸ்பைஸ் பிளஸ்’ என்ற ஒரே இணையப் படிவத்தில் பெயர், பதிவு, பான் எண், இயக்குநர் எண் எல்லாம் முடிகின்றன. அனுமதிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் பதிவுக் கட்டணம் இல்லை; முத்திரைக் கட்டணமும் ஆடிட்டர் கூலியும் உண்டு. வாடகை இடமென்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் கரன்ட் பில்லும் கேட்பார்கள். பெயர்ப்பலகையில் கம்பெனியின் பெயர் தமிழ் எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது, பலர் கவனிக்காத சட்டத் தேவை.

பதிவுக்குப் பிறகுதான் பாடு. 30 நாளுக்குள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். பங்குப் பணம் வந்துவிட்டதென 180 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். 2017இல் கணக்குத் தராத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதியிழந்தார்கள். சிறு வியாபாரிக்கு வருமான வரியில் உள்ள உத்தேச லாபச் சலுகையும் கம்பெனிக்குக் கிடையாது. ஆகவே ரொக்கத்துக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்கும் பூஜைக் கடைக்கோ டீக்கடைக்கோ கம்பெனி வீண் சுமை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவே போதும்.

கம்பெனி சொந்த உடைமையைக் காக்கும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வங்கி எப்படியும் இயக்குநரின் சொந்த ஜாமீனைக் கேட்கிறது. பிறகு இந்தப் பாதுகாப்புக்கு என்ன பொருள்? வங்கியைப் பொறுத்தவரை மறுப்பு பெரிதும் சரியே. கம்பெனி திவால் நடைமுறைக்குள் போனாலும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் விடுபட மாட்டார் என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. திரும்பிய காசோலையில் கையெழுத்திட்ட இயக்குநரும் வழக்கில் சேர்க்கப்படுவார். ஜிஎஸ்டி பாக்கியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாவிட்டால், தன் தவறால் அல்ல என்று இயக்குநர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் ஒரு தொழில் வங்கிக்கு மட்டுமா கடன்படுகிறது? சரக்கைக் கடனுக்குத் தரும் மண்டிக்காரர், முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர், கட்டட உரிமையாளர் ஆகியோரில் பெரும்பாலோர் ஜாமீன் எழுதி வாங்குவதில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து, சரக்கின் சொந்தக்காரர் இழப்பீடு கேட்டால் அதற்கும் யாரும் முன்கூட்டி ஜாமீன் போட்டிருக்கவில்லை. ஆலைக்குச் சாப்பாடு தருபவருக்கு ஒப்பந்த அபராதம் விழுந்தாலும் அப்படித்தான். இத்தகைய கடன்களும் கூட்டாளியின் செயலும் மிகுந்த தொழிலுக்கே கம்பெனி உண்மையில் பயன்படும்.

மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2004-05 முதல் மூன்று ஆண்டுகள், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. அதில் சங்கங்களாகச் சேர்ந்த விவசாயிகளிடமிருந்து பின்னர் ‘தருமபுரி பிரிசிஷன் ஃபார்மர்ஸ் அக்ரோ சர்வீசஸ் லிமிடெட்’ என்ற கம்பெனி உருவானது. பல விவசாயிகள் சேர்ந்து செய்யும் வியாபாரத்தை வெறும் கூட்டாண்மையாக நடத்தினால், ஒருவர் கணிப்புத் தவறினாலும் அத்தனை பேர் நிலமும் கடனுக்குள் வந்துவிடும். சிறு உடைமைக்காரருக்குத்தான் இந்த வரம்பு அதிகம் தேவை; அவரிடம் இழக்க இருப்பது அந்த ஒரு நிலமே.

கம்பெனி தனி ஆள் என்பதை முதலில் மதிக்க வேண்டியவர் அதன் முதலாளி. விற்ற பணம் மனைவியின் ஜிபே கணக்குக்கும், மகளின் கல்லூரிக் கட்டணம் கம்பெனிக் கணக்கிலிருந்தும் போனால், கடன்காரர் நீதிமன்றத்தில் இரண்டும் ஒன்றே என்று வாதிட வழி கிடைக்கும். சம்பளமாகவோ லாபப் பங்காகவோ எழுதித்தான் பணம் எடுக்க வேண்டும். அதைவிடவும் கவனிக்க வேண்டியது காலம். சொந்தப் பேரில் வாங்கிய பழைய கடன்கள் கம்பெனி தொடங்கியதும் அதன் தலையில் தாமாக ஏறாது. கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்காதவரை நீங்களே பொறுப்பு. பதிவுக்கு முன் உங்கள் பேரில் போட்ட ஒப்பந்தமும் அப்படியே. எனவே ஆலையுடன் ஒப்பந்தம் போடுவதற்கு முந்திய வாரங்களே பதிவுக்கு ஏற்றவை. வியாபாரம் பெருகட்டும் என்று காத்திருப்பவர், அதற்குள் அந்தக் கையெழுத்துகள் எல்லாவற்றையும் தன் பேரிலேயே போட்டு முடித்திருப்பார்.