கழித்தல் 48

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டு போனை ஃபைபருக்கு மாற்றியதிலிருந்து கரண்ட் போனால் போனும் போய்விடுகிறதாம். "பழைய போன் இருட்டிலும் பேசுமே, சார்?"

பேசும். அதற்கு வீட்டுக் கரண்டே வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு செப்புக் கம்பிகளில் பேச்சோடு மின்சாரமும் சேர்ந்தே வந்தது. அங்கே பேட்டரி அறையில் 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். மொத்தம் 48 வோல்ட். ஊரில் கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், அது இறங்குவதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்கள். எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டி மாதிரிதான்: தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை எந்த வீட்டிலும் மோட்டார் போட வேண்டாம்.

அந்த 48-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பேட்டரியின் நேர்முனையைப் பூமியோடு இணைத்துவிட்டு, கம்பியை எதிர்முனையில் வைத்தார்கள். காரணத்தை நான் சிறுவயதில், சிதம்பரத்தில் சித்தப்பாவின் கவரிங் பட்டறையிலேயே பார்த்துவிட்டேன். முலாம் பூசும் தொட்டியில் நேர்முனையில் தொங்கும் செம்புத் தகடு நாளாக நாளாகத் தேய்ந்து தாளாகிவிடும். எதிர்முனையில் தொங்கும் நகை தேயாது. கேபிளின் உறை கிழிந்து ஈர மண் பட்டாலும் அதே கணக்குதான். கம்பி நேர்முனையில் இருந்திருந்தால் கடலூர் போன்ற உப்பு மண்ணில் செம்பு கரைந்து போயிருக்கும். ஒரே ஒரு குறியை மாற்றிப் போட்டுக் கம்பியைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பக்கத்து வீட்டு லேண்ட்லைனில் மட்டும் டயல் டோன் இருந்தது. வரிசையில் நின்று ஊருக்குப் பேசினோம்.

அந்தக் கம்பிகளைக் கையால் தடவியே பழுது கண்டுபிடித்தவர்கள் பலர் இன்று வேலையில் இல்லை. பி.எஸ்.என்.எல்.லில் மட்டும் 2020 ஜனவரி 31 அன்று 78,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் போனார்கள். ஃபைபரைக் குறை சொல்லவில்லை; அது கண்ணாடி இழை, ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் வீட்டிலுள்ள பெட்டிக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். இணைப்புக் கொடுக்க வருகிறவர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா? புயல் வருஷம் தவறாமல் எட்டிப் பார்க்கும் கரையில், பெட்டியோடு ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸும் சேர்த்தே தரவேண்டும். வாசகர் இப்போதைக்கு அதை வாங்கி மாட்டிக்கொள்ளட்டும்.

போன மாதம் கடலூரில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டியிருந்தார்கள். மண்மேட்டில் ஒரு முழ நீளக் கேபிள் துண்டு கிடந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து, நீலக் கம்பி ஒன்றை நகத்தால் உரித்தேன். செம்பு, விளக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்றிருந்தது.