உடன்வாழும் உயிர்கள் – 11: கேட்டுத் தொடு

கோடை விடுமுறைக்கு அக்கா மகள் கயல் திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். ஒன்பது வயது. வந்த அன்றே தார்சாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பூனை மிளகைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உச்சந்தலையில் தொடங்கி வால் நுனிவரை ஒரே இழுப்பாகத் தடவினாள். மறுபடியும், மறுபடியும். மிளகு அசையாமல் கிடந்தது. நான் பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் அலறல். மிளகு திண்ணைக்குத் தாவிவிட்டது. கயலின் மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்திருந்தது.

"நான் நல்லாத்தானே தடவிக் கொடுத்தேன் மாமா? அது எதுக்கு என்னைக் கடிச்சிட்டு?"

குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினோம். மிளகுக்குத் தடுப்பூசி போட்டிருந்தும் மருத்துவரிடம் காட்டினோம். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். வெறிநோய் அபாயமும் உண்டு. பூனைக்கடியை யாரும் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது.

புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. கயலின் கேள்விதான் என்னை விடவில்லை. நன்றாகத்தானே தடவினாள், பிறகு ஏன்? சென்ற வாரம் வாலின் மொழியைப் பார்த்தோம். பூனையின் உடம்பில் நம் கைக்கு எங்கே இடமுண்டு, எங்கே இல்லை என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பூனையே காட்டித் தரும் இடம்

நாம் வெளியே போய்விட்டு வீடு திரும்பும்போது பூனை என்ன செய்கிறது? வாலைக் கொடிபோல நிமிர்த்திக்கொண்டு வருகிறது. நம் காலில் கன்னத்தைத் தேய்க்கிறது. கதவு நிலையில் தேய்க்கிறது, நாற்காலிக் காலில் தேய்க்கிறது. கன்னம், தாடை, உதட்டோரம், கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகிய இடங்களில் அதற்கு வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கிருந்து கசிவது நம் மூக்குக்கு எட்டாது. பூனைக்கோ அது வீட்டு மணம். அந்த மணத்தைப் பூசிப் பூசித்தான் தன் இடத்தையும் தன் ஆட்களையும் அது பழக்கப்படுத்திக்கொள்கிறது.

நட்பான இரண்டு பூனைகள் ஒன்றையொன்று நக்கிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் தலையும் கழுத்துந்தான். வயிற்றையோ வாலடியையோ நக்கிவிடுவது அரிது. ஆக, எங்கே தொட வேண்டும் என்பதற்குப் பூனையே விடை வைத்திருக்கிறது. எந்த இடத்தை அது நம்மேல் தேய்க்கிறதோ அந்த இடத்தில் தொட்டால் போதும். கன்னம், தாடையின் அடிப்பக்கம், காதடி.

2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 9 பூனைகளை வெவ்வேறு இடங்களில் வருடிப் பார்த்தார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வருடியபோது அவை மிக இணக்கமாக நடந்துகொண்டன. வாலடியில்தான் ஒத்துழைப்பு மிகக் குறைவு. 2015இல் சாரா எல்லிஸும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்விலும் வாலடியைத் தொட்டபோதுதான் எதிர்ப்பு அதிகமாக வந்தது. கயலின் கை ஒவ்வொரு முறையும் போய் முடிந்த இடம் அதுதான்.

வயிறு ஒரு நம்பிக்கை

பூனை நம் எதிரில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினால், தடவச் சொல்கிறது என்று நினைக்கிறோம். நாயோடு பழகியவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். உயிர்நிலையெல்லாம் இருக்கிற வயிற்றைத் திறந்து காட்டுவது, "உன் பக்கத்தில் எனக்குப் பயமில்லை" என்று பூனை சொல்வது. அதைக் கேட்டுக்கொண்டால் போதும். கையை வைத்தால் நான்கு காலும் பல்லும் ஒன்றாகப் பாயும். படுத்த நிலையிலேயே அவை தயாராக இருக்கின்றன. பாதத்தையும் பல பூனைகள் தொட விடுவதில்லை.

எல்லாப் பூனைக்கும் ஒரே கணக்கு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றைத் தடவினால் சொக்கிப்போகும் பூனைகள் உண்டு. வாலடியில் தட்டினால் இடுப்பை உயர்த்திக் கொடுப்பவையும் உண்டு. அது அந்தப் பூனையும் அந்த மனிதரும் பழகிப் பழகிச் செய்துகொண்ட ஏற்பாடு. அறிமுகமில்லாத பூனையிடம் முகத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

பிடரிப் பிடி

வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்குகிறது. குட்டி எந்த முயற்சியும் செய்வதில்லை, தன்னை முழுக்க ஒப்புக்கொடுத்துவிடுகிறது. இறைவனிடம் அப்படிக் கிடப்பதே சரணாகதி என்பது தென்கலை மரபு. யாரோ வெகு அருகிலிருந்து பார்த்துச் சொன்ன உவமை அது. பிடரியைக் கவ்வியதும் குட்டியின் உடம்பு துவண்டு, கால்கள் ஒடுங்கிவிடுகின்றன.

ஆனால் அது குட்டிப் பருவத்துக்கு மட்டும். வளர்ந்த பிள்ளையை எந்தத் தாய்ப்பூனையும் அப்படித் தூக்குவதில்லை. நாம் தூக்குகிறோம். பிடரியைப் பிடித்தால் பெரிய பூனை அடங்கிக் கிடப்பது சரணாகதி அல்ல, அச்சம். உடம்பின் பாரமெல்லாம் அந்தத் தோலில் தொங்குவதால் வலியும் சேர்ந்துகொள்ளும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்னங்காலுக்கு அடியில்.

லண்டனில் 100 பூனைகள்

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு 2021இல் வந்தது. லண்டனில் பேட்டர்சீ என்கிற நாய், பூனைக் காப்பகம் இருக்கிறது. நாட்டிங்காம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் லாரன் ஃபிங்காவும் குழுவினரும் அங்கிருந்த 100 பூனைகளோடு, அவற்றுக்கு முன்பின் தெரியாத 120 பேரைப் பழகவிட்டார்கள். முதலில் அவரவர் இஷ்டப்படி. பிறகு சில நிமிடங்கள் மட்டும் ஒரு சின்னப் பயிற்சி. மறுபடியும் பூனைகளோடு.

பயிற்சியில் சொன்னவை மூன்றே விஷயங்கள். ஒன்று, முடிவு பூனையுடையது: கையை மெதுவாக நீட்டிக் காத்திரு, அது வந்து தேய்த்தால் தொடு, விலகிப்போனால் போக விடு. இரண்டு, அதன் உடம்பு சொல்வதைக் கவனி. மூன்று, காதடி, கன்னம், தாடையோடு கையை நிறுத்து. வயிற்றுக்கும் வாலடிக்கும் போகாதே.

பயிற்சிக்குப் பிறகு பூனைகளின் சீற்றம் குறைந்தது. தவிப்பின் அறிகுறிகள் குறைந்தன. நெருங்கி வருவது கூடியது. பூனைகளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொண்டவர்கள் மனிதர்கள்.

அதே குழு 2022இல் வெளியிட்ட இன்னொரு முடிவு என்னைத் தைத்தது. பூனைகளைப் பற்றித் தமக்கு நிறையத் தெரியும், நிறைய அனுபவம் உண்டு என்று சொன்னவர்கள்தான் பூனைக்குப் பிடிக்காத இடங்களை அதிகமாகத் தொட்டிருக்கிறார்கள். நானும் முப்பது வருடமாகப் பூனையோடு இருப்பவன். அன்றைக்குச் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு மிளகை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

பொறுத்துக்கொள்வது சம்மதமல்ல

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பல்லுக்கு முன்னால் பூனை பலமுறை சொல்லிவிடுகிறது. வால் நுனி துடிக்கும். முதுகுத் தோல் அலைபோல நெளியும். காது பக்கவாட்டில் திரும்பும். குறுகுறுவென்ற சத்தம் நின்றுபோகும். தலை வெடுக்கென்று கைப்பக்கம் திரும்பும். சில பூனைகள் திடீரென்று தம் உடம்பை நக்கத் தொடங்கும். சில, மிளகைப்போல, இறுகி அசையாமல் கிடக்கும். அந்த அசைவின்மையைத்தான் நாம் சுகம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

2013இல் பிரேசிலின் சாவோ பாலோவில் வீட்டுப் பூனைகளின் மலத்தில் மன அழுத்த ஹார்மோனின் சுவடுகளை அளந்தார்கள். தடவலைப் பிடிக்காத பூனைகளைவிட, அதைப் பொறுத்துக்கொள்கிற பூனைகளிடம்தான் அளவு கூடுதலாக இருந்தது. பிடிக்காதது எழுந்து போய்விடுகிறது. பொறுத்துக்கொள்வது உள்ளுக்குள் எதையோ சுமக்கிறது. இதைப் படித்த பிறகு, "எங்க பூனை என்ன செய்தாலும் பேசாம இருக்கும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு மனம் சங்கடப்படுகிறது.

எனவே, மூன்று நான்கு முறை வருடிவிட்டு நிறுத்துங்கள். கையை அப்படியே பக்கத்தில் வையுங்கள். வேண்டுமென்றால் பூனை தலையால் முட்டிக் கேட்கும். கேட்காவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான். பிறந்து இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதக் கை அன்பாகப் பட்டு வளர்ந்த குட்டி பிற்காலத்தில் அதிகமாகக் கேட்கும். அந்த நாட்களைத் தெருவில் தனியே கழித்த பூனை குறைவாகக் கேட்கும், கேட்காமலும் போகலாம். சோறு வைத்ததற்குக் கூலியாக அதன் உடம்பை நாம் கேட்க முடியாது.

தீபாவளிக்குக் கயல் மறுபடி வந்தாள். இவையெல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். தார்சாவில் உட்கார்ந்து ஒரு விரலை மட்டும் மிளகின் மூக்கு உயரத்துக்கு நீட்டினாள். மிளகு தூணருகே நின்று வெகுநேரம் பார்த்தது. பிறகு வந்து விரலை முகர்ந்தது. கன்னத்தை ஒருமுறை தேய்த்தது. திரும்பி மறு கன்னத்தைத் தேய்த்தது. கயல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாடைக்கு அடியில் மெல்லச் சொறிந்தாள். மூன்று முறை. நிறுத்தினாள். மிளகு ஒரு கணம் நின்றது. பிறகு முற்றத்து வெயிலுக்கு நடந்துபோய்விட்டது.

இன்னும் கொஞ்சம் கூப்பிட்டுப் பாரேன் என்றேன்.

"வேண்டாம் மாமா" என்றாள் கயல். "அது போகணும்னுதான போயிருக்கு."

(தொடரும்)

அடுத்த வாரம்: வலியிலும் குறுகுறுக்கும் பூனை