கழுத்துக் கட்டியும் ஸ்கேனும்

ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிபடுவதற்குச் சில மாதம் முன்பு, அங்கே குடியிருந்த ஓர் அம்மா கழுத்துக் கட்டிக்கு எடுத்த ரிப்போர்ட்டுடன் கடைக்கு வந்தார். "கோல்டுன்னு போட்டிருக்கே, கேன்சருங்களா ஐயா?"

அணு ஸ்கேனில் கதிரியக்க அயோடினோ டெக்னீசியமோ சிறிதளவு கொடுப்பார்கள். தைராய்டு அதை உறிஞ்சும். உறிஞ்சாத கட்டிக்குப் பெயர்தான் ‘கோல்டு’. அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அல்ட்ராசவுண்டும் கட்டியின் ஓரம், சுண்ணாம்புப் புள்ளி பார்த்துச் சந்தேகத்தைத்தான் சொல்லும். ஊசியால் செல் எடுத்துப் பார்த்தால்தான் ஓரளவு தெளிவாகும்.

அதற்காக எல்லாரும் கழுத்தை ஸ்கேன் பண்ணிக்கணுமா? தென்கொரியாவில் பண்ணினார்கள். 1993-ஐவிட 2011-இல் 15 மடங்கு பேருக்குக் கண்டுபிடித்தார்கள், சாவு குறையவில்லை. சுரப்பியை இழந்து ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் பெருகினார்கள். ஆனால் கட்டி தட்டுப்பட்டாலோ, குரல் கம்மி நீடித்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

அந்த அம்மாவுக்கு ஊசிப் பரிசோதனையில் சாதாரணக் கட்டி என்று வந்தது. இப்போது நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி அல்ட்ராசவுண்டுக்கு வருகிறார்.